கையெழுத்து வைக்கும் முன் கேட்போம்



எங்கள் டிவிசனில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் இருக்கிறார். பெயரை இங்கே எழுதவில்லை. பதினைந்து வயதில் மலைக்கு ஏறிய நாளிலிருந்து வெற்றிலை போடுகிறவர். சென்ற ஆண்டு அவருடைய கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் வந்தது, பிறகு அது ஆறாத புண்ணானது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த களிம்பிலும் டவுனில் வாங்கிய மாத்திரையிலும் மூன்று மாதம் ஓடியது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சதையில் சின்னத் துண்டு வெட்டிப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான், அறுத்து எடுத்துவிடலாம் என்று சொல்லி நாளும் குறித்தார்கள். இரண்டு கடதாசிகளில் கையெழுத்து வாங்கினார்கள்.

குறித்த நாளில் அவர் போகவில்லை.

லயத்தில் பரவிய பேச்சுத்தான் காரணம். புண் இருப்பது கன்னத்தில், ஆனால் டொக்டர் கழுத்தையும் திறக்க வேண்டும் என்கிறார். கழுத்தில் ஒன்றுமே இல்லையே, எதற்குத் திறக்க வேண்டும்? இரண்டாவது கடதாசியில் 'ஆராய்ச்சி' என்று ஒரு சொல் இருப்பதை, சிங்களம் வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். அவ்வளவு போதும். "கங்காணியை வச்சுச் சோதன பண்ணப் போறாங்க" என்று பீலிக்கரையில் தொடங்கிய பேச்சு, பின்னேரத்துக்குள் மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சுற்றி வந்துவிட்டது.

அவருடைய மகள் எங்களிடம் வந்தபோது ஏழு கிழமை போயிருந்தது. "சேர், அப்பாவ அனுப்புறதா வேணாமா? நீங்க சொன்னா அனுப்புறோம்" என்றார். கடதாசிகளை வாங்கிப் பார்த்தோம். ஒன்று சிங்களம், மற்றது ஆங்கிலம். தமிழ்ப் பிரதி தீர்ந்துவிட்டதாம். தோட்டக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் அவர்களோடு பஸ் ஏறினோம்.

அன்றைக்கு இளம் வைத்தியர் ஒருவர், தமிழ் தெரிந்த தாதியின் உதவியோடு, அரை மணித்தியாலம் ஒதுக்கிப் பேசினார். அந்த அரை மணித்தியாலம் முதல் நாளே கிடைத்திருந்தால் ஏழு கிழமை போயிருக்காது. பேசி முடித்துக் கங்காணியின் கழுத்தைத் தடவிப் பார்த்தவர், சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் அட்டையில் எழுதப்படாத ஒரு கட்டி இப்போது கைக்குத் தட்டுப்பட்டது.

கழுத்தைத் திறக்கச் சொன்னது கங்காணியை வைத்துச் செய்யவிருந்த சோதனை அல்ல. வேறொரு ஊரில், நம்மைப் போன்ற ஆட்கள் பலர் சேர்ந்து ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு சோதனையின் விடை அது. இதைத்தான் இந்த இதழில் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தோம். ஏனென்றால் 'சோதனை' என்ற சொல்லுக்குப் பயந்து நோயோடு வீட்டில் இருப்பவர்கள் எங்கள் டிவிசனில் மட்டும் இல்லை.

வாய்ப் புற்றுநோய் தொடங்கினால் அது முதலில் போய் இறங்கும் இடம் கழுத்திலுள்ள நெறிக்கட்டிகள். ஆரம்ப நிலையில் கழுத்தில் கைக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் வாய்ப் புண்ணை எடுக்கும்போதே கழுத்தையும் துப்புரவாக்கிவிடுவதா, அல்லது பொறுத்திருந்து கட்டி தெரிந்த பிறகு செய்வதா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே நெடுங்காலம் இரண்டு கட்சி இருந்தது. கழுத்து அறுவை சின்ன விடயம் அல்ல. தோள் பாரம் தூக்க வராமல் போகலாம், கூடை சுமக்கிற நமக்கு அது சும்மா விடயமா? ஆகவே தேவையில்லாமல் செய்யக் கூடாது என்று ஒரு கட்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இதைத் தீர்த்து வைத்தது மும்பாயில் உள்ள டாட்டா நினைவு வைத்தியசாலை. டாட்டா என்றால் நமக்குத் தேயிலைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். இது அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை 1941 இல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1962 முதல் இந்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. நம் நாட்டில் 'போதனா வைத்தியசாலை' என்கிறோமே, அந்த வகை. வைத்தியம் பார்ப்பது, வைத்தியம் படிப்பிப்பது, புதிய வைத்தியம் தேடுவது மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். 2004 இலிருந்து பத்தாண்டு, ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயாளர்களை அங்கே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கழுத்தையும் சேர்த்து அறுவை. மற்றப் பகுதியினருக்கு வாய் மட்டும், கழுத்தில் கட்டி வந்தால் பிறகு. முதலில் சேர்ந்த 500 பேரின் கணக்கைப் பார்த்தபோது, கழுத்தையும் சேர்த்து எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 80. பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67.5. ஆய்வை மேற்பார்வை செய்த குழு, இதற்கு மேல் ஒரு பகுதியினரைப் பொறுத்திருக்க வைப்பது சரியல்ல, நிறுத்துங்கள் என்று சொன்னது. 2015 இல் முடிவு வெளியானது.

பிரிப்பது என்றோம். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நம் ஆட்களுக்குச் சந்தேகமே வருகிறது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு இது புதிய விடயம் இல்லை. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது. அங்கே வேலை செய்த நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். ஒரே மலையில் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குப் பழைய உரம், மறு துண்டுக்குப் புது உரம் போட்டு, ஒவ்வொன்றிலும் பறித்த கொழுந்தைத் தனித்தனியாக நிறுப்பார்கள். நாம் பல தோட்டங்களில் நட்டுப் பறிக்கிற 2025 என்ற கன்று அங்கே பிறந்ததுதான். நல்ல மண்ணுள்ள துண்டுக்கெல்லாம் புது உரத்தைப் போட்டுவிட்டு, புது உரம்தான் நல்லது என்று துரை சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? மனிதரிலும் அப்படித்தான். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்று வைத்தியரே தெரிந்தெடுத்தால், தெம்பாக இருப்பவருக்குப் புதியதையும் தளர்ந்தவருக்குப் பழையதையும் கொடுத்துவிடக் கூடும், கணக்குப் பொய்யாகும். அதனால் சீட்டுக் குலுக்குவது போல் குலுக்குகிறார்கள். நம் பெண்கள் மாதச் சீட்டில் யாரும் கள்ளம் பண்ணாமல் இருக்க ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுத் துண்டு எடுக்கச் சொல்வார்களே, அதே நியாயம்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்ற முறை காகிதத்தில் நன்றாக இருக்கும். மாதாமாதம் கிளினிக்குக்கு வந்து கழுத்தைக் காட்டினால்தான் அது வேலை செய்யும். கிளினிக்குக்குப் போகும் நாள் ஒரு பேர் போகும், இரண்டு பஸ், பகல் சாப்பாடு, துணைக்குப் போகிறவரின் பேரும் போகும். வரமுடியாத ஆளுக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்வியை, வரமுடியாத ஆட்கள் நிறைந்த நாட்டில் வைத்துக் கேட்டதால்தான் நமக்கும் பயன்படுகிற விடை வந்தது.

அதே வைத்தியசாலையின் இன்னொரு ஆய்வு எங்களுக்கு இதைவிடப் பிடிக்கும். உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. அதற்கு வழி கண்ட அமெரிக்கர் ஒருவருக்கும் ஜப்பானியர் ஒருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒரு மருந்து நிவோலுமாப். பணக்கார நாடுகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் ஏற்றுவது வழக்கம். விலையை இங்கே எழுதினால் தோழர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பீர்கள். டாட்டா நினைவு வைத்தியசாலையின் வைத்தியர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: மூன்று கிழமைக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தால் என்ன? வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்குத்தான். ஆறு கிழமைக்கு அங்கே 720, இங்கே 40. பதினெட்டில் ஒரு பங்கு. வாய், தொண்டைப் பகுதியில் நோய் முற்றி, இனி அறுக்க முடியாது என்ற நிலையிலிருந்த 151 பேர் சேர்ந்தார்கள். மலிவான மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். மாத்திரையோடு இந்தச் சிறிய அளவு மருந்தும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர். 2022 இல் இது வெளியானது.

இது நோயைக் குணமாக்கும் மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது சில மாதங்கள். ஆனால் அந்தச் சில மாதத்தில் மகளின் கல்யாணம் இருக்கலாம். எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. மருந்தை விற்கிற கம்பனி எந்தக் காலத்திலாவது 'குறைத்துக் கொடுத்தால் போதுமா' என்று தன் காசைப் போட்டு ஆய்வு செய்யுமா? உரக் கம்பனி குறைவாக உரம் போடுங்கள் என்று சொன்னதுண்டா? அந்தக் கேள்வியைக் கேட்கப் பொது ஆஸ்பத்திரி ஒன்று வேண்டியிருந்தது. பொதுச் சுகாதாரத்தை வெட்டாதே என்று நம் சங்கம் மே தினத்தில் கோஷம் போடும்போது இதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் ஆவோம்.

அதே மும்பாய் வைத்தியசாலை 1998 இல் சேரிப்பகுதிப் பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. பணம் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வந்தது. முறை மிக எளிது: வினாகிரியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர் சேர்த்துக் கருப்பைக் கழுத்தில் தடவி ஒரு நிமிடம் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். வைத்தியர் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்கு நான்கு கிழமை பயிற்சி கொடுத்து இதைச் செய்ய வைத்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை. மறு பகுதிக்கு, 76,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, நோயைப் பற்றி ஒரு விளக்கம் மட்டும். பரிசோதனை இல்லை. பன்னிரண்டு வருடம் கணக்கு வைத்தார்கள். பரிசோதித்த பகுதியில் இந்த நோயால் இறப்பது நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. 2013 இல் சிக்காகோ மாநாட்டில் அறிவித்தபோது உலகமே கைதட்டியது. கைதட்ட வேண்டிய விடயம்தான். வினாகிரியும் விளக்கும் ஒரு பயிற்சி பெற்ற பெண்ணும் இருந்தால் உயிர் காக்கலாம் என்று நிரூபித்திருக்கிறார்கள்.

ஆனால் மறுபக்கத்துப் பெண்கள்? பாப் பரிசோதனை என்ற ஒன்று இந்த நோயைத் தடுக்கும் என்பது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். அது தெரிந்தும் எழுபத்தாறாயிரம் பேரை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தது சரியா என்று இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கேள்வி எழுந்தது. அப்பெண்களிடம் சம்மதம் வாங்கியபோது போதிய தகவல் கொடுக்கவில்லை என்று, ஆய்வுகளில் பங்குபெறுவோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரச அலுவலகமே குறை சொன்னது. ஆய்வு செய்தவர்களுக்கும் ஒரு பதில் இருந்தது: அந்தப் பெண்களுக்கு அதுவரை எந்தப் பரிசோதனையும் கிடைத்ததில்லை, அந்நாட்டின் வழமையான கவனிப்பு அதுதான், நாங்கள் எதையும் பறிக்கவில்லை என்றார்கள்.

'வழமை.' இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எங்களுக்குப் பழைய ஆட்கள் யாரோ அறைக்குள் வந்தது போல இருந்தது. லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு, அது தோட்டத்து வழமை. பிள்ளைக் காம்பராவில் ஒரே ஆயாவிடம் எத்தனை பிள்ளை, அதுவும் வழமை. கிளினிக்குக்குப் போனால் அரைப்பேர் என்பதும் வழமை. நமக்கு ஒன்றும் கொடுக்காத இடத்தில் வழமை என்று சொன்னால் 'ஒன்றுமில்லை' என்றுதான் அர்த்தம். மருத்துவ ஆய்வு எப்போதும் புதியதை வழமையோடுதான் ஒப்பிடும். வேறு வழியில்லை, அதுதான் அதன் முறை. அப்படியானால் வழமையின் அளவை யார் வைக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அது வைத்தியரின் வேலை மட்டும் அல்ல. சம்பளச் சபையிலும் கூட்டு ஒப்பந்தத்திலும் நாம் நூறு வருடமாகப் போராடுவது வேறெதற்கு?

எங்கள் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. வினாகிரி முறையை ஆய்வு செய்தது சரி. ஏற்கெனவே தெரிந்த ஒரு பாதுகாப்பு மறுபக்கத்துக்கும் கிடைக்கும்படி அந்த ஆய்வை அமைத்திருக்க வேண்டும். ஏழை நாட்டில் அது செலவு என்பார்கள். செலவுதான். கமிட்டியில் ஒரு தோழர் வேறு மாதிரி நினைக்கிறார்: "அந்தக் கணக்கு இல்லாட்டி எந்த அரசாங்கமும் வினாகிரிக்குக்கூட காசு ஒதுக்கியிருக்காது." இரண்டு கூட்டம் பேசியும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

இனி கங்காணி கையெழுத்திட்ட இரண்டாவது கடதாசி. அது அறுத்தெடுக்கும் சதையில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்ட கடதாசி. சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடியாது என்று சொல்லியிருந்தாலும் அறுவை நடந்திருக்கும். இதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.

சதைத் துண்டுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்ரியேட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு 1951 இல் பால்ட்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குப் போனார். அவரிடம் கேட்காமலே கட்டியில் ஒரு துண்டை எடுத்தார்கள். அதே வருடம் ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு 31 வயதில் அவர் இறந்தார். அவருடைய கலங்கள் மட்டும் இறக்கவில்லை. ஆய்வுகூடத்தில் பெருகிக்கொண்டே இருந்தன. போலியோ ஊசி மருந்தைப் பரிசோதித்தது அவற்றை வைத்து. உலகம் முழுவதும் விற்றார்கள், வாங்கினார்கள். குடும்பத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அந்தக் கலங்களால் இலாபம் பார்த்த ஒரு பெரிய கம்பனி 2023 இல்தான் வழக்கில் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு வைரசுதான் காரணம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் கண்டுபிடித்தார். அந்த வைரசின் ஒரு வகை ஹென்ரியேட்டாவின் கலங்களுக்குள்ளும் இருந்ததை அவருடைய குழு கண்டது. அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்த தடுப்பூசிதான் 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு முறை போடப்படுகிறது. ஒவ்வொரு வருடமும் பெற்றாரின் அனுமதிச் சீட்டை நாங்கள் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறோம். சில சீட்டு கையெழுத்தில்லாமல் திரும்பி வரும். "பிள்ளைக்கு ஒன்னும் ஆயிறாதே சேர்?" என்று ஒரு தாய் கேட்டபோது எங்களில் ஒருவர் புகையிலைத் தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொன்னார். பயமுறுத்துகிற கதையாயிற்றே என்று நாங்கள் கவலைப்பட்டோம். அந்தத் தாய் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முழுக்கதையும் சொன்னதால் நம்பினாரோ என்னவோ.

ஆகவே ஆய்வு என்று யாராவது கடதாசி நீட்டினால் ஓடவும் வேண்டாம், உடனே பெருவிரலை வைக்கவும் வேண்டாம். எந்த ஆய்வில் சேர்வதும் சேராமல் விடுவதும் நம் விருப்பம், சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இது யாருடைய தயவும் இல்லை, உலக வைத்தியர் சங்கம் 1964 இல் ஹெல்சிங்கியில் எழுதித் திருத்தி வருகிற பிரகடனத்தில் உள்ள உரிமை. நம் நாட்டில் மருந்து ஆய்வுகள் 2015 இன் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 2006 இலிருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் ஏடும் இருக்கிறது. ஆகவே 'இதற்குப் பதிவு இலக்கம் என்ன, எந்த ஒழுக்கவியல் குழு அனுமதித்தது' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும் என்று கேளுங்கள். சேர்ந்து உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, வந்து போகும் செலவை யார் தருவார்கள், முடிவு தெரிந்ததும் எங்களுக்கு வந்து சொல்வீர்களா என்றும் கேளுங்கள். கடதாசியைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு இரவு வைத்து வாசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

முடிவை வந்து சொல்வது பற்றி. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாயை ஆயிரக்கணக்கில் பரிசோதித்து நடந்த ஓர் ஆய்வு 2007 இல் வெளியானது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இருபது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகளில் 1996 இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததால், புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைந்தது. நம் நாட்டிலேயே சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கலாம் என்று 1984 இல் எழுதிவிட்டார்கள். விடைகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, பெரட்டுக் களத்துக்கு வரவில்லை. இதற்கு ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் எழுதினார்கள். கொண்டுவந்து கேட்டிருக்க வேண்டியவர்கள் நிர்வாகமும், அரசும், சங்கமாகிய நாங்களும். வெற்றிலை போட்டால் வேலை ஓடும் என்று பெரட்டில் நின்று நாங்களே எத்தனை முறை வாங்கிப் போட்டிருக்கிறோம்!

அடுத்த பேச்சுவார்த்தையில் எங்கள் பிரதேசத்திலிருந்து இரண்டு விடயம் வைக்கப் போகிறோம். வருடத்தில் இரண்டு நாள் பெரட்டுக் களத்திலேயே வாய்ப் பரிசோதனை. முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் சுக நாரியர் கிளினிக்கில் பாப் பரிசோதனைக்குப் போகும் பெண்ணுக்கும், புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போகும் எவருக்கும் அன்றைய முழுப்பேர். இலாபமில்லை, செலவு தாங்காது என்று நிர்வாகம் சொல்லும். போய்வரும் பெண் இரண்டு நாள், சாகும் பெண் எத்தனை நாள் பேர் இல்லாமல் போகிறாள் என்ற கணக்கை நாங்கள் எழுதி எடுத்துப் போவோம்.

கங்காணிக்கு அறுவை முடிந்து, கதிர்ச் சிகிச்சையும் நடக்கிறது. முதலில் குறித்த நாளில் போயிருந்தால் கதிர்ச் சிகிச்சை தேவைப்படாமலும் இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். பஸ் காசு சங்க நிதியிலிருந்து போகிறது. அறுவைக்கு முந்தின நாள் தாதி அந்த இரண்டாவது கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றார். கங்காணி மூன்று கேள்வி கேட்டார். அந்தச் சதையை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? என் பேர் அதில் இருக்குமா? இரண்டுக்கும் பதில் கிடைத்ததும், "சரி, வச்சுக்கங்க, எனக்கு எதுக்கு அது" என்று மறுபடி கையெழுத்து வைத்தார். மூன்றாவது கேள்வி, புண் ஆறிய பிறகு ஒரே ஒரு வாய் வெற்றிலை போடலாமா என்பது. அதற்குத் தாதி பதில் சொல்லுமுன் மகள் சொல்லிவிட்டார்.